தலைமாட்டில் உட்கார்ந்தவர்

(டாக்டர் ஜான் ஸ்நோ: 1813 – 1858)



நம்ம வீட்டு ஆள் யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால் முதலில் என்ன கேட்போம்? ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் யார், கைராசிக்காரரா, எத்தனை வருஷ அனுபவம் என்றுதான் கேட்போம். முடிந்து வெளியே வந்ததும் அவரைத்தான் கையெடுத்துக் கும்பிடுவோம். ஆனால் உள்ளே இன்னொருவர் இருந்தார். நோயாளியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, மூச்சு சீராகப் போகிறதா, நாடி எப்படி இருக்கிறது, வலி தெரிகிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பேர் என்ன என்று நாம் கேட்பதே இல்லை. மயக்க மருந்து டாக்டர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அந்த ஸ்டூலில் முதன்முதலாக முழுநேரமும் உட்கார்ந்து, அது ஒரு தனி வேலை, அதற்கென்று தனிப் படிப்பும் தனிக் கணக்கும் உண்டு என்று உலகத்துக்குக் காட்டியவர் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். பெயர் ஜான் ஸ்நோ. காலரா தண்ணீர் மூலம் பரவுகிறது என்று கண்டுபிடித்தவர் என்ற அளவில் நம்மில் பலர் அவரைப் படித்திருப்போம். அவருடைய அன்றாடத் தொழில் மயக்க மருந்து கொடுப்பது என்பது பலருக்குத் தெரியாது. பாலிடெக்னிக் மாணவர்களான நமக்கு அந்தக் கதைதான் ரொம்ப நெருக்கமானது. ஏனென்றால் அதில் தெர்மாமீட்டர் வருகிறது, வால்வு வருகிறது, டியூப் வருகிறது, ஆவியழுத்தம் வருகிறது. நம்ம ஒர்க் ஷாப் சமாச்சாரம் எல்லாமே வருகிறது!

நிலக்கரிக் களத்திலிருந்து...

இங்கிலாந்தின் யார்க் நகரம். ஊஸ் ஆற்றங்கரையில் ஏழைகள் வாழ்ந்த பகுதி. அங்கே 1813 மார்ச் 15-ஆம் தேதி பிறந்தார் ஸ்நோ. அப்பா நிலக்கரிக் களத்தில் கூலி வேலை பார்த்தவர். ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டில் மூத்த பையன் என்றால் பத்து வயசிலேயே வேலைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அவருடைய பெற்றோர் அவரைப் படிக்க வைத்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார்.

14 வயதில், 1827-இல், நியூகாஸில் நகரில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். இன்றைக்கு நாம் அப்ரண்டிஸ் என்று சொல்கிறோமே, அதேதான். 1831-32 வாக்கில் இங்கிலாந்தில் முதல் தடவையாகக் காலரா நுழைந்தபோது, 18 வயசுப் பையனை கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்க அனுப்பினார்கள். ஜார்ஜ் ஸ்டீபன்சன் தன்னுடைய முதல் ரயில் எஞ்சினைச் செய்து ஓட்டிப் பார்த்தாரே, அதே கில்லிங்வொர்த்! பையன் இரவு பகலாக உழைத்தார். மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததைக் கண்ணால் பார்த்தார். அது அவர் மனசை விட்டுப் போகவே இல்லை.

1836-இல் லண்டனுக்குப் புறப்பட்டார். தூரத்தில் பெரும்பகுதியை நடந்தே கடந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய நண்பர் சொல்கிறார். லண்டனில் படித்துத் தேறி, 1838-இல் மருத்துவம் பார்க்கும் தகுதி பெற்று, சோஹோ பகுதியில் ஃப்ரித் தெருவில் சின்னதாக ஒரு அறை எடுத்து உட்கார்ந்தார். கூட்டம் வரவில்லை. பெரிய இடத்துச் சொந்தம் கிடையாது, சிபாரிசு கிடையாது. குரலும் கரகரத்த குரல், மெல்லிய பேச்சு. மருத்துவச் சங்கத்தில் எழுந்து பேசினால் ஆரம்பத்தில் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். வைவாவில் நாக்கு ஒட்டிக்கொள்கிற நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்! மனுஷன் விடவில்லை. வாராவாரம் போனார், பேசினார். 1841-லேயே, பிறந்த குழந்தை மூச்சு விடாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு கட்டுரை படித்தார். மூச்சு, காற்று, வாயு இந்த மூன்றையும் விடாமல் படித்துக்கொண்டே இருந்தார். 1844-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டமும் வாங்கிவிட்டார். எதற்காக இதையெல்லாம் படிக்கிறோம் என்பது அப்போது அவருக்கே தெரிந்திருக்காது. ரெண்டே வருஷத்தில் தெரிந்தது.

கட்டிப்போட்டு அறுத்த காலம்

மயக்க மருந்து வருவதற்கு முன்னால் ஆபரேஷன் எப்படி நடந்தது என்று சொன்னால் ராத்திரி தூக்கம் வராது. சாராயமோ அபினோ கொடுப்பார்கள். பலசாலிகள் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். முழு நினைவோடு இருக்கிறவரின் காலை ரம்பத்தால் அறுப்பார்கள். நல்ல சர்ஜன் யார் என்றால் வேகமாக அறுக்கிறவர்தான். லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்பவர் அப்படிப் புகழ் பெற்றவர். ஒரு காலை மூணு நிமிஷத்துக்குள் எடுத்துவிடுவாராம். வேகம்தான் அன்றைக்கு நோயாளிக்குக் காட்ட முடிந்த ஒரே கருணை. வயிற்றைத் திறப்பது, நிதானமாகக் கட்டியை எடுப்பது இதெல்லாம் நினைத்துப் பார்க்கவே முடியாது. வலிக்குப் பயந்து ஆபரேஷனே வேண்டாம் என்று செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர்.

1846 அக்டோபர் 16-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியை மூச்சில் இழுக்க வைத்து ஒரு நோயாளியைத் தூங்கச் செய்தார். கழுத்துக் கட்டியை ஆபரேஷன் செய்தார்கள். நோயாளி கதறவில்லை. செய்தி கப்பலேறி லண்டனுக்கு வந்தது. டிசம்பர் 21-ஆம் தேதி அதே லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவருக்குத் தொடையோடு காலை எடுத்தார். மனித குலத்துக்கு விடிவு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே சிக்கல் ஆரம்பமானது. ஒருத்தருக்கு ஈதர் கொடுத்தால் ஜோராகத் தூங்குகிறார். இன்னொருத்தர் குடிகாரர் மாதிரி எழுந்து கலாட்டா செய்கிறார். மூணாவது ஆளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, கத்தி பட்டதும் அலறுகிறார். அட, இது நம்ப முடியாத சரக்கு என்று பல டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

மண்பானைக் கணக்கு

இந்த இடத்தில்தான் நம்ம ஸ்நோ வருகிறார். கோளாறு மருந்திலா, கொடுக்கிற கருவியிலா என்று அவர் யோசித்தார்.

வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஈதரும் அப்படித்தான், அதைவிட வேகமாக. அது கிட்டத்தட்ட 35 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும் திரவம். அன்றைக்கு எல்லாரும் கண்ணாடிக் குடுவைக்குள் ஸ்பாஞ்சை வைத்து, அதில் ஈதரை ஊற்றி, அதன் வழியாகக் காற்றை இழுக்கச் சொன்னார்கள். ஈதர் ஆவியாக ஆக ஸ்பாஞ்ச் சில்லிட்டுப் போகும். கண்ணாடி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. எனவே வெளியிலிருந்து சூடு உள்ளே போகாது. சில்லிட்ட ஈதரிலிருந்து ஆவி குறைவாகத்தான் வரும். 20 டிகிரியில் ஈதர் ஆவி காற்றோடு முழுசாகக் கலந்தால் நூற்றுக்கு 58 பங்கு வரை போகும். 10 டிகிரியில் அது 38 பங்குதான். 0 டிகிரிக்கு இறங்கினால் 24 பங்கு. பாருங்கள், அதே மருந்து, அதே குடுவை. ஆனால் அறையின் குளிருக்கு ஏற்ப நோயாளிக்குப் போகிற அளவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது! டிசம்பர் குளிரில் ஒருத்தர் தூங்கினார், ஒருத்தர் அலறினார் என்றால் அதில் என்ன ஆச்சரியம்?

ஸ்நோ வீட்டிலேயே சோதனை செய்து, எந்த வெப்பநிலையில் காற்றில் எவ்வளவு ஈதர் ஆவி கலக்கும் என்று ஒரு அட்டவணை போட்டார். 1847 ஜனவரியிலேயே, அதாவது லண்டனுக்கு ஈதர் வந்து ஒரே மாதத்தில், அதை மருத்துவச் சங்கத்தின் முன்னால் வைத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஒரு கருவியும் வடிவமைத்தார். மெல்லிய உலோகத் தகட்டில் வட்டமான பெட்டி. உள்ளே சுருள் சுருளாகத் தடுப்பு. காற்று அந்தச் சுருள் வழியே ஈதரின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு சுற்றிச் சுற்றி வர வேண்டும். அந்தப் பெட்டியை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார். தண்ணீரின் வெப்பம் தகடு வழியாக உள்ளே போய்க்கொண்டே இருப்பதால் ஈதர் சில்லிடாது. தெர்மாமீட்டரை வைத்துத் தண்ணீரின் சூட்டைத் தீர்மானித்தால் ஆவியின் அளவு தானாகவே தீர்மானமாகிவிடும். எவ்வளவு எளிமை!

டியூப் விஷயத்திலும் கவனித்தார். மற்றவர்கள் குறுகலான டியூப் வைத்திருந்தார்கள். நோயாளி மூச்சை இழுக்கவே திணறினார். மனிதனின் மூச்சுக்குழலைவிட டியூப் அகலமாக இருக்க வேண்டும் என்பது ஸ்நோவின் விதி. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி, வெளிமூச்சு போக ஒரு வால்வு, அந்த வால்வை லேசாகத் திருப்பினால் சுத்தமான காற்று கலந்து ஆவியின் அளவு குறையும் ஏற்பாடு. எல்லாவற்றையும் யோசித்திருந்தார். லண்டனில் ஒரு கருவி செய்யும் தொழிலாளி அதைச் செய்து கொடுத்தார். டாக்டர் மூளையும் தொழிலாளி கையும் சேர்ந்த இடம் அது. பாஸ்டனில் மார்ட்டன் தன் மருந்துக்கு வேறு பெயர் வைத்து, பேட்டன்ட் வாங்கிப் பணம் பண்ணப் பார்த்தார். ஸ்நோவோ தன் கருவியின் விவரத்தை எல்லாரும் படிக்கும்படி பத்திரிகையில் வெளியிட்டார்.

ஐந்து படிகள்

கருவி சரி. ஆளை எப்படிக் கவனிப்பது? வலி தெரிகிறதா இல்லையா என்று தூங்குகிறவரையே கேட்க முடியுமா? ஸ்நோவின் இரண்டாவது பெரிய சாதனை இதுதான். 1847-இல் ஈதர் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார்.

முதல் படியில் லேசான கிறக்கம், ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். இரண்டாவது படியில் மனசு தாறுமாறாகும், கனவு காண்பார், உளறுவார். மூன்றாவது படியில் நினைவு இருக்காது, ஆனால் கத்தி பட்டால் உடம்பு அசையும், முனகலும் வரலாம். நான்காவது படியில் உடம்பு துவண்டுவிடும், மூச்சு மட்டும் குறட்டையோடு சீராக ஓடும். ஐந்தாவது படியில் மூச்சே தடுமாறும். அதற்கு அப்புறம் சாவுதான். இந்த ஐந்தாவது படியை அவர் மிருகங்களிடம் சோதனை செய்துதான் பார்த்தார். மனிதரை அங்கே போகவிடக் கூடாது என்பதுதான் முழுக் கணக்கும்.

எந்தப் படியில் இருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூச்சின் ஓசையைக் கேள், கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார், இமையின் விளிம்பை விரலால் லேசாகத் தொட்டுப் பார், இமை மூடுகிறதா, கைகால் தசை இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று கவனி. மானிட்டர் இல்லை, திரை இல்லை, பீப் சத்தம் இல்லை. அவருடைய காது, கண், விரல் நுனி மூன்றும்தான் மானிட்டர். இன்றைக்கும் மயக்க மருந்துப் படிப்பு இந்த அடிப்படையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். லிஸ்டனும் கூப்பிட்டார். நாலு வருஷம் முன்னால் யாரும் காது கொடுத்துக் கேட்காத மனிதர் இப்போது லண்டனின் பெரிய சர்ஜன்கள் எல்லாருக்கும் வேண்டியவர் ஆகிவிட்டார்.

ஒரு டீஸ்பூன், ஒரு உயிர்

1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். வாசனை இதம், வேகமாக வேலை செய்யும். கருவியே வேண்டாம், கைக்குட்டையில் கொஞ்சம் ஊற்றி மூக்கில் வைத்தால் போதும். ஊரே அதன் பின்னால் ஓடியது.

இரண்டே மாதம். 1848 ஜனவரி 28-ஆம் தேதி, நியூகாஸில் பக்கத்தில் வின்லாட்டன் என்ற ஊரில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயசுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. ஆமாம், வெறும் நகம். துணியில் சுமார் ஒரு டீஸ்பூன் குளோரோஃபார்ம் விட்டு மூக்கில் வைத்தார்கள். சில நிமிஷத்துக்குள் அந்தப் பெண் செத்துப்போனாள். குளோரோஃபார்மால் இறந்ததாகப் பதிவான முதல் ஆள் அவள்தான்.

மருந்து காரணமில்லை, அவளைத் தெளிய வைக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும்தான் காரணம் என்று சிம்ப்சன் வாதாடினார். ஸ்நோ வழக்கம்போலக் கணக்கைக் கையில் எடுத்தார். 20 டிகிரி வெப்பத்தில் குளோரோஃபார்ம் ஆவி காற்றில் நூற்றுக்கு 21 பங்கு வரை ஏறும். பாதுகாப்பாக மயங்க வைக்க 4 அல்லது 5 பங்கு போதும். துணியில் ஊற்றி மூக்கில் வைத்தால் எத்தனை பங்கு போகிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு இழுப்பில் அடர்த்தியான ஆவி நேராக இதயத்துக்குப் போய் அதை நிறுத்திவிடும் என்றார் ஸ்நோ. குளோரோஃபார்முக்கும் அளந்து கொடுக்கிற கருவி ஒன்று செய்தார். கடைசியில் அவர் எழுதிய பெரிய புத்தகத்தில், குளோரோஃபார்மால் நேர்ந்த 50 மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து ஆராய்ந்திருக்கிறார்.

வீட்டில் பறவை, எலி, தவளை இவற்றைக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து எந்த அளவில் எந்தப் படி வருகிறது என்று பார்த்தார். தன் மேலேயே சோதனை செய்துகொண்டார். இன்னொரு விஷயம் கேளுங்கள். உள்ளே இழுத்த ஆவியில் பெரும்பகுதி மாறாமல் வெளிமூச்சில் திரும்பி வருகிறது என்று கண்டார். அப்படியானால் அந்த வெளிமூச்சையே திரும்ப இழுத்தால் என்ன? கரியமில வாயுவை மட்டும் காஸ்டிக் பொட்டாஷ் வைத்து உறிஞ்சிக்கொண்டு, ஆக்ஸிஜன் நிறைந்த பையிலிருந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து மெஷினில் சோடா லைம் நிரப்பிய ஒரு டப்பா இருக்குமே, அந்தத் தத்துவம் 1850 வாக்கிலேயே ஃப்ரித் தெரு வீட்டில் பிறந்துவிட்டது!

ராணியும் கைக்குட்டையும்

1853 ஏப்ரல் 7. விக்டோரியா ராணிக்கு எட்டாவது பிரசவம். பிரசவ வலியைக் குறைப்பது சாஸ்திரத்துக்கு விரோதம், கடவுள் பெண்ணுக்கு விதித்தது அது என்று சில மதவாதிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். மருத்துவர்களிலும் பலர் எதிர்த்தார்கள். அரண்மனை ஸ்நோவைக் கூப்பிட்டனுப்பியது. ராணி முழுசாக மயங்கக் கூடாது, வலி மட்டும் மழுங்க வேண்டும். கைக்குட்டையில் சில சொட்டுகளாக, வலி வரும்போது மட்டும் கொடுத்து, 53 நிமிஷம் பக்கத்திலேயே இருந்தார். ராணி நினைவு இழக்கவே இல்லை. இளவரசர் லியோபோல்ட் பிறந்தார். 1857-இல் இளவரசி பியாட்ரிஸ் பிறந்தபோதும் ஸ்நோதான். நாடு முழுக்கப் பெண்கள் தங்களுக்கும் அது வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வலியைப் போக்க ஆளை அடித்துப்போட வேண்டியதில்லை, தேவையான அளவுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பதை அரண்மனையிலேயே நிரூபித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கப்புறம் ஒரு பெண்மணிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுக்கும்போது ராணி என்ன பேசினார் என்று சொன்னால்தான் மேலே இழுப்பேன் என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்தார். உங்களைவிட ரொம்ப நேரம் இழுத்த பிறகுதான் ராணி கேள்வியே கேட்டார், நீங்களும் அதேபோல இழுத்தால் எல்லாம் சொல்கிறேன் என்றார் ஸ்நோ. அந்த அம்மாளும் இழுத்தார், தூங்கிப்போனார். கண் விழித்துப் பார்த்தால் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்!

வாயு தெரிந்தவருக்குத் தண்ணீர் தெரிந்தது

1854 ஆகஸ்ட் கடைசியில் சோஹோவில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றால் பரவுகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். ஸ்நோவுக்கு மட்டும் அது ஒப்பவில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? வாயு எப்படிப் பரவும், எவ்வளவு தூரத்தில் எவ்வளவு நீர்த்துப்போகும் என்பது அவருக்குத் தினசரித் தொழில். கெட்ட வாயு காரணம் என்றால் அதை அதிகமாகச் சுவாசிக்கிற நாற்றத் தொழில் செய்பவர்கள்தானே முதலில் சாக வேண்டும்? அவர்கள் சாகவில்லையே! வீடு வீடாகப் போய் விசாரித்தார். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே ஒரு அடிபம்பின் தண்ணீரைக் குடித்திருந்தார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

வெற்றியும் பிழையும்

மேலே சொன்னதை எல்லாம் வைத்து அவரை ஒரு தேவராக்கிவிட வேண்டாம். அவருக்கும் பிழை உண்டு. ஈதர்தான் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று அவருக்கே தெரியும். இருந்தும் வசதிக்காகக் குளோரோஃபார்மைத்தான் அதிகம் பயன்படுத்தினார். 1856-இல் அமிலீன் என்ற புது மருந்தைக் கொண்டுவந்தார். இருநூறு பேருக்கு மேல் கொடுத்தார், நன்றாகவே போயிற்று. 1857-இல் அதில் இரண்டு பேர் அவர் கையிலேயே இறந்தார்கள். மூடி மறைக்கவில்லை. விவரத்தை வெளியிட்டார். அந்த மருந்தை அன்றோடு நிறுத்திவிட்டார். நண்பர்களே, என் மனசில் ராணி கதையைவிட ஆழமாகப் பதிந்தது இதுதான். கணக்குத் தப்பிய இடத்தையும் கணக்கில் எழுதினவர் அவர்.

எழுதினார் என்றால் நிஜமாகவே எழுதினார். 1848 முதல் 1858 வரை ஒவ்வொரு நோயாளிக்கும் தேதி, வயசு, என்ன ஆபரேஷன், என்ன மருந்து, நாடி எப்படி, எழுந்ததும் வாந்தி வந்ததா என்று கையால் குறித்துவைத்த மூன்று நோட்டுகள் இன்றும் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸில் இருக்கின்றன. சுமார் நாலாயிரம் பேருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்திருக்கிறார். பிளவு உதட்டோடு பிறந்த கைக்குழந்தை முதல் கிழவர்கள் வரை அதில் உண்டு. ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாளில் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்து எழுதுகிற நமக்கு இது உறைக்க வேண்டும்!

1858 ஜூன் 10. குளோரோஃபார்ம் பற்றிய தன் பெரிய புத்தகத்தின் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. ஜூன் 16-ஆம் தேதி காலமானார். வயது 45. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தகத்தை நண்பர் பெஞ்சமின் ரிச்சர்ட்சன் அதே வருஷம் வெளியிட்டார். பெரிய மருத்துவப் பத்திரிகை ஒன்று அவர் மறைவுக்கு நாலைந்து வரி ஒதுக்கியது. அதில் காலரா பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஹைதராபாத்தில் நடந்த வழக்கு

அவர் போன பிறகும் தகராறு ஓயவில்லை. அதில் நம் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்துகிறதா, அல்லது மூச்சு நின்ற பிறகுதான் இதயம் நிற்கிறதா? 1888, 1889-ஆம் ஆண்டுகளில் ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற டாக்டர், நிஜாமின் பண உதவியோடு இரண்டு கமிஷன்கள் நடத்தினார். நூற்றுக்கணக்கான மிருகங்களைச் சோதித்து, மூச்சை மட்டும் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்து இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதாவது ஸ்நோ சொன்னது தப்பு! ஆனால் 1911-இல் குட்மேன் லெவி என்ற ஆராய்ச்சியாளர், லேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று பூனைகளிடம் நிரூபித்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஸ்நோ பயந்த பயம் நியாயமானது என்று தெரிந்தது. பிற்பாடு குளோரோஃபார்மே ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியேறியது.

கண் விழித்த பிறகு?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஆபரேஷன் நடக்கும்போது வலி இல்லை, சரி. கண் விழித்த பிறகு? ஸ்நோவின் காலத்தில் அதற்குப் பெரிதாக வழி இல்லை. அபின் இருந்தது. 1853-இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் ஊசி மூலம் மருந்தைத் தோலுக்கடியில் செலுத்த ஆரம்பித்த பிறகு மார்ஃபின் ஊசி வந்தது. வலி நல்லது, அது உயிரைத் தூண்டி வைக்கிறது என்று நினைத்த டாக்டர்களும் இருந்தார்கள். 1854-இல் கிரிமியா போருக்குப் போன ராணுவ மருத்துவத் தலைமை அதிகாரி ஜான் ஹால், குளோரோஃபார்மை ஜாக்கிரதையாக வையுங்கள் என்று எச்சரித்ததற்கு அந்த நம்பிக்கைதான் காரணம்.

இன்றைக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. பெரிய ஆபரேஷன் முடிந்து வலியோடு படுத்திருந்தால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. நுரையீரலில் சளி கட்டும். எழுந்து நடக்க முடியாமல் காலில் ரத்தம் உறையும். ஆகவே வலியைப் போக்குவது சொகுசு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. அதனால்தான் நர்ஸ் வந்து, வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10, இப்போது எத்தனை என்று கேட்கிறார். மருந்து கொடுத்த பிறகு மறுபடி வந்து கேட்கிறார். நோயாளியே பட்டனை அழுத்தி மருந்து எடுத்துக்கொள்கிற பம்புகளும் வந்துவிட்டன. எத்தனை தடவை அழுத்தினாலும் குறித்த நேரத்துக்குள் குறித்த அளவுக்கு மேல் போகாதபடி அதில் பூட்டு உண்டு. யோசித்துப் பாருங்கள், அளந்து கொடு, கவனித்துக்கொண்டே இரு, எழுதி வை. அதே ஸ்நோவின் மூன்று வேலைதான்!

நண்பர்களே, நம் வீட்டில் பெரியவர்கள் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு ஒண்ணுமில்லப்பா என்பார்கள். அவர்களிடம் போய், வலியைச் சொல்லுங்கள், சொன்னால்தான் மருந்து கொடுக்க முடியும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம்மில் சிலர் நாளைக்கு எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோவோடு ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கப் போகலாம். சிலர் வால்வும் டியூபும் செய்கிற ஒர்க் ஷாப்பில் நிற்கலாம். ஒரு வால்வு ஒட்டிக்கொண்டால், ஒரு அளவுகோல் தப்பாகக் காட்டினால், அந்த முனையில் கண் மூடிப் படுத்திருக்கிறவருக்கு வாய் திறந்து சொல்ல முடியாது. அவருக்காக நாம்தான் பார்க்க வேண்டும். 1847-இல் நிலக்கரிக் களத்துக் கூலியின் மகன் ஒருவர் தெர்மாமீட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தார். அந்த ஸ்டூலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், நமக்கும் ஒரு இடம் இருக்கிறது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால், மயக்க மருந்து டாக்டரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்வோமா?